இடது பக்க மட்காட்

பஸ்ரியனின் மொறிஸ் பிக்கப் கழுதையோடு மோதியதில் கழுதைக்கு ஒன்றும் ஆகவில்லை. விழுந்த இடத்திலிருந்து எழும்பி, உடம்பை ஓர் உதறு உதறிவிட்டு, பனங்கூடலுக்குள் நடந்து போய்விட்டது. பிக்கப்பின் இடது பக்க முன் சில்லுக்கு மேலிருந்த மட்காட்தான் விளக்கோடு பிய்ந்து றோட்டில் கிடந்தது. பஸ்ரியன் இறங்கி அதைக் கையில் எடுத்துப் பார்த்தான். வெளியே பச்சைப் பெயின்ற் மினுங்கியது. உள்ளே கடற்காற்று அரித்து அரித்துத் தகரம் பப்படமாகியிருந்தது. பிடித்த இடமெல்லாம் விரலோடு உதிர்ந்தது.

அது எழுபத்தொன்பதாம் ஆண்டு தவக்காலம். தலைமன்னாரில் அன்று மீன் ஏற்றுவதற்கு இருந்த வாகனங்களில் பஸ்ரியனுடையதுதான் பழையது. விடிய எழும்பிக் கரையில் மீன் பெட்டிகளை ஏற்றி, ஐஸ் போட்டு மூடி, மன்னார்ச் சந்தைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பான். விலைப்படாமல் மிஞ்சுவதை மனைவி கிறேஸ் உப்புப் போட்டு வளவில் காயவைத்துக் கருவாடாக்குவாள். அந்த வீட்டில் அடுப்பு எரிவது பிக்கப்பின் சில்லு உருளுவதில்தான் இருந்தது.

மன்னார் பட்டினத்தில் நசுங்கிய வாகனங்களைத் தட்டி நிமிர்த்துகிற ரிங்கர் அலியாரிடம் போனான். அலியார் தார் பீப்பாய் ஒன்றை வெட்டி, சுத்தியலால் தட்டி வளைத்து, ஒரு மட்காட் செய்து பூட்டிக் கொடுத்தார். பார்ப்பதற்கு முகத்தில் பானை ஓட்டைக் கவிழ்த்ததுபோல இருந்தது. பாரம் ஏற்றி இரண்டு கிழமை ஓடியதும் அதிர்வில் ஆணித் துளைகள் கிழிந்து அதுவும் கழன்று விழுந்தது. மட்காட் இல்லாமல் ஓடினால் சில்லு மண்ணை வாரிக் கண்ணாடியில் அடித்தது. பொலிஸ்காரரும் மறித்தார்கள்.

அதன் பிறகு பஸ்ரியனுக்கு அதுவே நினைப்பாகிவிட்டது. வவுனியாவுக்குப் போனான், அனுராதபுரத்துக்குப் போனான். கொழும்பில் பழைய வாகனச் சாமான் விற்கிற பஞ்சிகாவத்தைக் கடைகளில் ஏறி இறங்கினான். அரசாங்கம் இறக்குமதியைத் திறந்துவிட்ட பிறகு எல்லா இடத்திலும் யப்பான் சாமான்தான் குவிந்து கிடந்தது. "இந்த மொறிஸை வித்துப்போட்டு நல்ல பிக்கப் ஒண்டு எடுங்கோ" என்று கடைக்காரர்கள் சொன்னார்கள். நறுவிலிக்குளத்தில் தம்பு என்ற கமக்காரரின் வளவில் அதே மாதிரிப் பிக்கப் ஒன்று கோழிக்கூடாக நிற்கிறது என்று யாரோ சொல்ல, விழுந்தடித்துக்கொண்டு ஓடினான். வலது மட்காட் உருப்படியாக இருந்தது. இடதைத் தூக்கியபோது பாதி மண்ணோடு நின்றுவிட்டது.

வெறுங்கையோடு திரும்பி வந்தவனுக்கு அலியார்தான் வழி சொன்னார். "தம்பி, இந்தியாவிலை ஓடுற அம்பாசடர் காரின்ரை முன்பக்கமும் இதின்ரை முன்பக்கமும் ஒரு தாய் வயித்துப் பிள்ளையள். அங்கை இண்டைக்கும் செய்யிறாங்கள். ஒண்டு எடுப்பிச்சுத் தாரும், நான் தட்டிப் பொருத்தித் தாறன்."

கிறேஸ் அக்கரைக்காரி. இராமேஸ்வரத்துக்குப் பக்கத்திலுள்ள தங்கச்சிமடத்தில் பிறந்து, கப்பல் ஏறி வந்து தலைமன்னாரில் வாழ்க்கைப்பட்டவள். வந்த பிறகு ஒரேயொரு முறைதான் தாய் வீட்டுக்குப் போய் வந்திருந்தாள். இடையில் கெடுபிடிகள் வந்து பயணம் என்பதே முடியாத காரியமாகிவிட்டது. பாதை திரும்பத் திறந்ததிலிருந்து, "அம்மாவை ஒருக்காப் பாத்திட்டு வாறனே" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். பஸ்ரியன் ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் சொன்னான். இப்போது அவனாகவே வந்து, "இந்த வருசம் வேளாங்கண்ணித் திருநாளுக்குச் சனம் போகுது. நீயும் போ. மாமியையும் பார். வரேக்கை மட்காட் ஒண்டு வாங்கிக்கொண்டு வா" என்றான்.

அலியார் வலது மட்காட்டின்மேல் பேப்பரை வைத்து ஆணித் துளைகளை அடையாளம் செய்து, அளவாக வெட்டி, மறுபக்கம் புரட்டி, "இதுதான் இடது" என்று எழுதிக் கொடுத்தார். கிறேஸ் அதை மடித்து, தாய்க்கென்று வாங்கிய சேலைக்கு நடுவில் வைத்துக் கட்டினாள். ஆவணியில் அயல்வீட்டு லூசியாவோடும் ஊர்ச் சனத்தோடும் கப்பல் ஏறினாள். பதின்மூன்று வயது மகள் பெற்றிசியா தகப்பனுக்குச் சமைத்துக் கொடுக்க வீட்டில் நின்றாள்.

திருநாள் முடிந்து சனம் திரும்புகிற நாளில் பஸ்ரியன் நேரத்தோடே கப்பல் அணைகிற பியருக்குப் போய்விட்டான். கப்பல் வந்து கட்டியது. சுங்கக் கொட்டகையிலிருந்து ஆட்கள் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். கூலிக்காரன் ஒருவன் சாக்கில் சுற்றித் தைத்த பெரிய சாமான் ஒன்றைத் தலையில் சுமந்து வந்தான். அதன் வளைவைக் கண்டதுமே பஸ்ரியனுக்கு விளங்கிவிட்டது. ஓடிப்போய் இறக்குவித்து, சாக்குக்கு மேலாலேயே தடவிப் பார்த்தான். நல்ல தடிப்பான தகரம். விளக்கு வைக்கிற வட்டம் கைக்குப் பட்டது. அவனை அறியாமல் சிரிப்பு வந்தது.

லூசியா பக்கத்தில் வந்து நின்றாள்.

"கிறேஸ் எங்கை அக்கா? பின்னாலை வாறாளோ?"

"அவ வரேல்லை, தம்பி."

"ஏன், மறிச்சுப்போட்டாங்களோ?"

லூசியா சுற்றுமுற்றும் பார்த்தாள். பிறகு மெல்லச் சொன்னாள். "அவவின்ரை தாய் ஆனி மாதமே மோசம் போயிட்டா. நாங்கள் போய் இறங்கேக்கைதான் தெரியும். தமையன் யாகப்பர் வாசலிலேயே அவவை மறிச்சு, இப்ப எதுக்கு வந்தனி எண்டு கேட்டவர்."

பஸ்ரியனின் கை இன்னும் சாக்கின்மேல்தான் இருந்தது. "எங்களுக்கு ஒரு தந்தியும் வரேல்லையே" என்றான்.

"உயிரோடை கிடக்கேக்கை வராதவளுக்கு ஏன் தந்தி எண்டு விட்டிட்டாராம். மனிசி பாயிலை விழுந்த உடனையே உனக்குச் சொல்லி அனுப்பினதாம், தம்பி. அந்தோனிமுத்தண்ணையிட்டை."

பியரின் பலகைகளுக்குக் கீழே தண்ணீர் அடிக்கிற சத்தம் திடீரென்று பெரிதாகக் கேட்டது.

அலியாரின் பீப்பாய் மட்காட் கழன்று விழுந்த கிழமை அது. பஸ்ரியன் பிக்கப்புக்குக் கீழே மல்லாந்து கிடந்து ஓர் ஆணியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். நனைந்த சாரம் கட்டிய இரண்டு கால்கள் பக்கத்தில் வந்து நின்றன. கடலுக்குப் போய்வந்த அந்தோனிமுத்தரின் குரல். "கடலிலை தங்கச்சிமடத்து வள்ளங்களைக் கண்டனான். உன்ரை மாமி பாயும் படுக்கையுமாம். கிறேஸை ஒருக்கா வந்து பாக்கட்டாம்." அவன் கீழே கிடந்தபடியே, "ஓம் அண்ணை, சொல்லுறன்" என்றான். சொல்லத்தான் இருந்தான். ஆனால் சொன்னால் அடுத்த கப்பலிலேயே போகவேண்டும் என்று நிற்பாள், கருவாட்டை யார் பார்ப்பது, பிக்கப்பும் படுத்துவிட்டது, மட்காட் ஒன்று அகப்படட்டும், பிறகு சொல்லலாம், வயது போனவர்கள் படுப்பார்கள், எழும்புவார்கள். அடுத்த நாள் விடிய வவுனியா பஸ் ஏறினான். அந்தோனிமுத்தரும் அரிப்பு என்ற ஊரின் கரையில் வாடிக் குடிசை போட்டு மீன் பிடிக்கப் போய்விட்டார். உயிர்த்த ஞாயிறு வந்தது, போனது. பஸ்ரியன் மறந்தே போனான்.

மறந்ததுகூட இந்தக் கணம்வரை அவனுக்குத் தெரியாது. மட்காட்டின்மேல் அப்படியே இருந்துவிட்டான்.

"நாங்கள் வேளாங்கண்ணிக்குப் போக, அவ அங்கையே நிண்டிட்டா" என்று லூசியா தொடர்ந்தாள். "நாங்கள் திரும்பி வரேக்கை இந்தச் சாமானைத் தைச்சு வைச்சிருந்தவ. தனிய ரெயில் ஏறி மதுரைக்குப் போய் வாங்கினவவாம். கேட்டதைக் குடுத்துவிட்டிருக்கு, நான் வரமாட்டன் எண்டு சொல்லச் சொன்னவ. வேறை ஒண்டும் சொல்லேல்லை."

"அழுதவளோ?"

"இல்லை, தம்பி. அதுதான் எனக்குப் பயமாக் கிடக்கு."

வீட்டில் பெற்றிசியா தாய்க்கென்று இறால் பொரித்து வைத்திருந்தாள். பிக்கப்பின் சத்தம் கேட்டு வாசலுக்கு ஓடி வந்தவள், தகப்பன் தனியே இறங்குவதைக் கண்டு, பின்பெட்டியை எட்டிப் பார்த்தாள்.

"அம்மா எங்கை?"

"அங்கை நிக்கிறா. அம்மம்மா செத்துப்போனா, பிள்ளை."

பெற்றிசியா அழத் தொடங்கினாள். அழுகைக்கு நடுவில், "எப்ப?" என்று கேட்டாள்.

"ஆனியிலை."

அவள் அழுகை நின்றுவிட்டது. "ஆனியிலையோ? அம்மாவுக்கு ஏன் ஒருத்தரும் சொல்லேல்லை? வருத்தமாப் படுத்திருக்கிறா எண்டாவது சொல்லியிருக்கலாமே."

பொய் சொல்லலாம் என்று ஒரு நினைவு வந்து போனது. ஆனால் லூசியாவோடு வந்த சனம் முழுவதுக்கும் தெரியும். நாளைக்குக் கிணற்றடியில் பிள்ளையின் காதுக்கு வந்துவிடும். "வருத்தம் எண்டு எனக்குச் சொல்லிவிட்டவை" என்றான். "நான் அம்மாவுக்குச் சொல்லேல்லை."

"ஏன் அப்பா?"

"மட்காட் உடைஞ்சு கிடந்தது."

சொல்லி முடிந்த பிறகுதான் அந்த வார்த்தைகள் அவன் காதில் விழுந்தன. அன்றைக்கு மனதுக்குள் ஒரு பெரிய நியாயம்போல இருந்தது, வாயால் வெளியே வந்ததும் இவ்வளவுதானா என்று அவனே திகைத்துப் போனான். பெற்றிசியா அவனை முன்பின் தெரியாத ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு உள்ளே போய்விட்டாள். இறாலை ஒருவரும் தொடவில்லை.

தொழிலை விடமுடியாது. சில நாள் கழித்து மட்காட்டை ஏற்றிக்கொண்டு அலியாரிடம் போனான். அலியார் சாக்கைப் பிரித்ததும் முகம் மலர்ந்தது. தூக்கிப் பொருத்திப் பார்த்தார். ஓரத்தை மட்டும் கொஞ்சம் மடித்துத் தட்டவேண்டியிருந்தது. துளைகளில் இரண்டைத் தவிர மற்றதெல்லாம் சொல்லிவைத்ததுபோல ஆணிக்கு நேரே வந்து நின்றன.

"பார்த்தீரோ தம்பி, ஆம்பிளையளே இடதையும் வலதையும் மாத்தி வாங்கிக்கொண்டு வந்து நிப்பாங்கள்" என்று அவர் சுத்தியலால் தட்டிக்கொண்டே சொன்னார். "உம்மடை மனிசி கடைக்காரனிட்டை ஏமாறாமல் பேப்பரை வைச்சுப் பாத்து வாங்கியிருக்கிறா. தகரமும் முதல்தரம். திருநாளுக்குப் போன இடத்திலை இவ்வளவு மினக்கெட ஆருக்கு மனம் வரும்? அவவுக்கு நான் சலாம் சொன்னதாச் சொல்லும்."

தாயைப் புதைத்த மண்ணைப் பார்த்துவிட்டு, தனியே ரெயில் ஏறிப் போய், கடை கடையாக அந்தப் பேப்பரை விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டு நின்ற கிறேஸ் பஸ்ரியனின் கண்ணுக்குள் வந்தாள். ஒவ்வொரு துளையாகப் பார்த்திருக்கிறாள். அவளுடைய கோபத்தின் அளவு அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது. அலியார் தட்டி முடிக்கும்வரை நிற்க முடியாமல் தெருவுக்குப் போய்விட்டான்.

அன்றைக்கே பாஸ்போட்டுக்கு எழுதிப் போட்டான். அது கைக்கு வர மார்கழி ஆகிவிட்டது. பள்ளிக்கூடம் விட்டதும் பெற்றிசியாவைக் கூட்டிக்கொண்டு கப்பல் ஏறினான். வழியெல்லாம் அவள் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள்.

தங்கச்சிமடத்தில் யாகப்பரின் வீட்டு வாசலில் கட்டுமரத்துக் கயிறுகள் காய்ந்துகொண்டிருந்தன. யாகப்பர் இவர்களைக் கண்டார். மருமகளின் தலையைத் தடவினார். பஸ்ரியனைப் பார்க்காமல் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

வீட்டுக்குப் பின்னால் ஓலைச் சாய்ப்பு ஒன்று. அதன் முன்னால் கிறேஸ் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். மகளைக் கண்டதும் சுளகைப் போட்டுவிட்டு ஓடி வந்து கட்டிக்கொண்டாள். "என் தங்கமே, எம்புட்டு இளைச்சுப்போயிட்ட" என்றாள். பிறகு பஸ்ரியனை நிமிர்ந்து பார்த்து, "வாங்க. உக்காருங்க. தண்ணி குடிக்கிறீங்களா?" என்று கேட்டாள்.

தலைமன்னாருக்கு வந்த புதிதில் அவள் இப்படிப் பேசியபோது பெண்கள் வாயைப் பொத்திச் சிரிப்பார்கள். ஒரு வருடத்துக்குள் அவள் வாங்கோ, இருங்கோ என்று ஊர்க்காரியாகிவிட்டாள். அத்தனை வருடமும் அவனோடு பேசிய பேச்சை மூன்று மாதத்தில் கழற்றி வைத்துவிட்டாள். ஏசியிருந்தால் தாங்கியிருப்பான். அந்த மரியாதையான "வாங்க" அவனை ஊர் பேர் தெரியாத விருந்தாளியாக்கிவிட்டது.

"கிறேஸ், எனக்குச் சொல்ல வாயில்லை" என்றான். "செய்தது பிழைதான். வா, வீட்டை போவம்."

கிறேஸ் கீழே இருந்து திரும்பவும் சுளகை எடுத்தாள். "கப்பல் வர்ற அன்னைக்கெல்லாம் அம்மா கட்டில வாசல்ல போடச் சொல்லுச்சாம். சாகுற வரைக்கும்" என்றாள். "நான் தெரிஞ்சும் வரலன்னு நெனச்சுக்கிட்டே போயிருச்சு. அண்ணன் இன்னைக்கு வரைக்கும் எங்கூடப் பேசல. அண்ணிதான் சோத்தை இங்க கொண்டாந்து வைக்கிறாங்க. எனக்கு யாரும் சொல்லலன்னு சொன்னா, புருசன் மேல பழியைப் போடுறான்னு ஊரே சொல்லுது. நான் என்ன செய்ய? சேதி வந்தது உங்ககிட்ட. நீங்க சொல்லுங்க."

அன்றிரவு அவன் கரையில் வள்ளத்து நிழலில் படுத்தான். நித்திரை வரவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து சனம் கோயில் வாசல் மணலில் நின்று பேசிக்கொண்டிருந்தது. கிறேஸ் ஒருவரோடும் சேராமல் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு ஒதுங்கி நின்றாள். யாகப்பர் படியால் இறங்கி நடந்தார். பஸ்ரியன் அவருக்குக் குறுக்கே போய் நின்றான்.

"மச்சான், நில்லுங்கோ. எல்லாருக்கும் கேக்கச் சொல்லவேணும்."

யாகப்பர் நின்றார். பேச்சுகள் ஒவ்வொன்றாக அடங்கின.

"மாமி வருத்தமாக் கிடக்கிறா எண்டு நீங்கள் சொல்லிவிட்டது எனக்குத்தான் வந்தது. கிறேஸுக்கு நான் சொல்லேல்லை. அவளுக்கு ஒண்டும் தெரியாது. தாய் உயிரோடை இருக்கிறா எண்டு சேலையும் வாங்கிக்கொண்டுதான் வந்தவள். அவளிலை ஒரு பிழையும் இல்லை."

கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு கிழவி முன்னால் வந்தாள். செத்துப்போனவளின் தங்கை அவள், கிறேஸுக்குச் சின்னம்மா. "ஏன்யா சொல்லல?" என்றாள். "அப்படி என்னய்யா தலை போற வேலை ஒனக்கு?"

சொல்லாமல் தப்ப முடியாது என்று பஸ்ரியனுக்குத் தெரிந்தது. "என்ரை வாகனத்தின்ரை மட்காட் உடைஞ்சு போச்சு" என்றான். "அதைத் தேடித் திரிஞ்சனான்."

கிழவிக்கு விளங்கவில்லை. மற்றவர்களின் முகத்தைப் பார்த்தாள். பஸ்ரியன் இரண்டு கைகளாலும் காற்றில் ஒரு வளைவு காட்டினான். "சில்லுக்கு மேலை இருக்கிற தகரம், ஆச்சி."

பின்னால் நின்ற ஒரு இளந்தாரி சிரித்துவிட்டு, ஒருவரும் சிரிக்காததைக் கண்டு நிறுத்திக்கொண்டான். கிழவி வாயில் கையை வைத்தபடி மணலில் குந்திவிட்டாள். "தகரத்துக்கா" என்றாள். "எங்கக்கா வாசலப் பாத்துக்கிட்டே கெடந்தாளே. தகரத்துக்கா?"

யாகப்பரின் முகத்தில் இரத்தமே இல்லை. "இவ மதுரைக்குப் போயி வாங்கியாந்து சாக்குல தச்சு வச்சிருந்தாளே, அதா?" என்று கேட்டார்.

"ஓம் மச்சான். அதுதான்."

அடிப்பார் என்று பஸ்ரியன் நினைத்தான். அடித்தால் நல்லது என்றும் நினைத்தான். யாகப்பர் அடிக்கவில்லை. தலையைத் திருப்பி, தூரத்தில் நின்ற தங்கையைப் பார்த்தார். கனநேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு வீட்டுப் பக்கம் நடந்தார். சனம் விலகி வழிவிட்டது. அந்த வழி மூடாமல் கிடக்க, பஸ்ரியன் நடுவில் தனியே நின்றான்.

அன்று மத்தியானம் யாகப்பர் ஓலைச் சாய்ப்புக்கு முன்னால் போய் நின்று, "பாப்பா, சோறு ஆறுது, உள்ள வா" என்று கூப்பிட்டார். தாய் வீட்டில் அவளுக்கு அதுதான் பெயர். கிறேஸ் அழுதாள். வேலிக்கு வெளியே நின்ற பஸ்ரியனுக்குக் கேட்டது. அவள் வாய்விட்டு அழுது அவன் ஒரு நாளும் கேட்டதில்லை. மூன்று மாதமாக உள்ளே கிடந்தது அத்தனையும் ஒரேயடியாக வெளியே வந்ததுபோல, ஆச்சிமாரும் ஓடி வந்து சேர்ந்து அழும்வரை, அது நிற்கவேயில்லை. அவன் வேலிக் கம்பைப் பிடித்துக்கொண்டான்.

சூரியன் சாய்கிற நேரத்தில் பெற்றிசியா வெளியே வந்தாள்.

"அம்மம்மாவின்ரை ஆண்டுப் பூசை முடிய அம்மா வருவாவாம்" என்றாள். "நான் பள்ளிக்கூடம் துவங்க முன்னம் வாறன். மாமா கொண்டுவந்து கப்பல் ஏத்திவிடுவாராம். நீங்கள் நாளைக்குப் போகட்டாம்."

கிறேஸ் சொன்னபடியே அடுத்த ஆடியில் வந்தாள். ஆனால் வேலியடியில் நின்ற பஸ்ரியனுக்கு அன்று அதை நம்புவதா விடுவதா என்று தெரியவில்லை. அம்மா தன் வாயால் சொன்னாளா, சொல்லும்போது முகம் எப்படி இருந்தது என்றெல்லாம் கேட்க விரும்பினான். கேட்க வாய் வரவில்லை. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாதது மட்டும் நினைவுக்கு வந்தது.

"சாப்பிட்டிட்டுப் போகச் சொன்னவளோ?" என்று கேட்டான்.

பெற்றிசியா தகப்பனைப் பார்த்தாள். "அதை ஒண்டும் சொல்லேல்லை" என்றாள். பிறகு, "நில்லுங்கோ அப்பா, கேட்டுக்கொண்டு வாறன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.